நாற்பத்தொன்று புள்ளி மூன்று

அன்று காலை வந்த அளவுத்தாளில், சுரங்கத்தின் இடப்பக்கச் சுவர் நாற்பத்தொன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்தது. முந்தின நாள் பொறியாளர் ஒட்டிலியின் கணினி போட்ட கணக்கும் நாற்பத்தொன்று புள்ளி மூன்று. சுவரில் பதித்திருந்த பதினோரு குறிகளுக்கும் அப்படியே, கடைசிப் புள்ளிவரை. மலையைக் கணினிக்குள் கட்டி, நசுக்கி, எங்கே பிதுங்குகிறது என்று பார்ப்பதுதான் பதினாறு வருடமாக அவள் பிழைப்பு. பாறை கணக்குக்குப் பக்கத்தில் வரும், தள்ளிப் போகும், பல்லைக் காட்டும். அச்சடித்தாற்போல் ஒத்துப்போனது இதுவரை நடந்ததில்லை. பதினோரு எண்களையும் விரல் வைத்து மறுபடி சரிபார்த்தாள்.

"பெயிலானா அழுவாங்க. பாஸானதுக்கு அழுற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றான் ஃபெர்டல். அவள் தம்பி, பகல் ஷிஃப்டின் மேஸ்திரி. அவளுடைய ரொட்டியிலிருந்து பன்றிக்கொழுப்பை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டினான். "ஒன்பது பேரு உன் வயித்துக்குள்ள போறோம். பத்திரமா வச்சுக்கக்கா."

டிரோல் மலைப்பகுதியில் தோண்டி முடியும்வரை சுரங்கத்துக்கு ஒரு பெண்ணின் பெயர்தான். இந்த முறை ஞானத்தாயாக அவளையே பிடித்து நிறுத்தி, வாசலில் 'ஒட்டிலி' என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தக் கிண்டல் ஓய்ந்தபாடில்லை.

ஒரு மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. இரும்புப் பெட்டி அலுவலகத்தில் ஈரச் சிமென்ட் வாடையும் டீசல் வாடையும் கலந்து நிற்க, சுரங்கத்துக்குள் காற்று தள்ளும் ராட்சத விசிறியின் ரீங்காரம் தரை வழியாக ஏறி அவள் கடைவாய்ப் பல்லில் வந்து உட்கார்ந்துகொண்டது. கணக்கு பாறையைப் பின்பற்றுகிறதா, பாறை கணக்கைப் பின்பற்றுகிறதா? பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் தெரிந்தாக வேண்டும். கணினிக்குள் இருந்த மலையில், ஏழாம் குறிக்குப் பின்னால், ஒரு கை அகலப் பாறைக்கு மட்டும் வலுவைப் பாதியாக்கினாள். இரண்டு மில்லிமீட்டர் நகரட்டும், யாருக்கு என்ன ஆகிவிடும்? கணக்கை ஓடவிட்டாள். நாற்பது வினாடியில் முடிந்தது.

சுரங்க வாயிலிருந்து துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். உடனே போன் அலறியது.

"அக்கா! ஏழாங்குறிகிட்ட பாறையப் பிடிச்சிருந்த போல்ட் தெறிச்சிருச்சு. நம்ம செனாத்... செனாத் மூஞ்சில..." பின்னால் யாரோ தண்ணீரில் கொப்பளிப்பதுபோல் கத்திக்கொண்டிருந்தான். "தாடையே இல்லக்கா. துணிய வச்சு அமுக்குறேன், ரத்தம் நிக்க மாட்டேங்குது."

நான்தான். நான்தான் செய்தேன். பழைய வலுவைத் திரும்பப் போட்டாள், மறுபடி ஓட்டினாள். எண்கள் இறங்கவில்லை. ஒருமுறை நொறுங்கிய பாறை மறுபடி நிமிராது. அது அவளுக்குத் தெரியாததா என்ன?

"அவனத் தூக்கிக்கிட்டு எல்லாரும் வெளிய வாங்க! ஓடி வாடா!"

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"லைட்டு போச்சு" என்றான் ஃபெர்டல், மூச்சிரைக்க. "தலைவெளக்குதான் இருக்கு. எங்கயோ கிரீச்சுன்னு இழுக்குது. எந்தப் பக்கம் நகருதுன்னே தெரியல. படத்தப் பாத்துச் சொல்லுக்கா. இடமா, வலமா?"

"நான் பாக்க மாட்டேன்."

"வெளையாடாத! இன்னும் எரநூறு மீட்டரு இருக்கு. சொல்லித் தொலை!"

பார்ப்பதுதானே. வலுவைத் தொடப்போவதில்லை, எதையும் ஓட்டப்போவதில்லை. முடிந்த கணக்கின் படம், அவ்வளவுதான். திறந்தாள்.

சுவர் நகர்ந்தது மூன்று விரல் அகலம்கூட இல்லை. அத்தனை பெரிய மலையில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால் படம் எப்போதும் நூறு மடங்கு பெருக்கித்தான் காட்டும். காட்டிவிட்டுத் தானே பழைய நிலைக்குப் போகும், மறுபடி காட்டும், நிறுத்தும்வரை ஓடும். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அதில் தப்பிருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

திரையில் வட்டம் சுருங்கியது. நீள்வட்டம். கீறல். இரண்டு சுவரும் முட்டிக்கொண்டன.

போனில் முதலில் இரும்பு வளைந்தது. பிறகு அதைவிட மெல்லியவை முறிந்தன. ஒன்று, இரண்டு, பிறகு எல்லாம் சேர்ந்து. வாயிலிலிருந்து பீறிட்ட காற்று ஜன்னலை உடைத்துக் கண்ணாடியை அவள் கன்னத்தில் செருகியது. அலறினாள். தன் அலறல் தனக்கே கேட்கவில்லை.

வட்டம் விரிந்தது.

"அக்கா?" ஃபெர்டலின் குரல். முழுசாக. "இப்ப என்ன ஆச்சு? நான் செத்துட்..."

மூடியது.

அவள் மின்கம்பியைச் சுவரோடு பிய்த்து எடுத்தாள். திரை கறுத்தது. தரையில் அதிர்வு நிற்கவில்லை. கன்னத்தில் கண்ணாடியோடு வெளியே ஓடினாள், பனியில் விழுந்தாள், எழுந்தாள். வாசல் வளைவு கீறல்கூட இல்லாமல் நின்றது. அதற்குள்ளே, வெறும் பாறை. சுவரோடு சுவர். இடுக்கிலிருந்து சூடாக ஏதோ வழிந்து அவள் பூட்ஸைத் தொட்டது.

திறந்தது.

இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒன்பது தலைவிளக்குகள். எட்டு நின்றபடி, ஒன்று படுத்தபடி. ஓட ஆரம்பித்தன.

"வாடா! ஃபெர்டல், வாடா!"

மூடியது.

திறந்தது. அதே ஒன்பது. அதே இடம். அதே முதல் அடி.

மூடியது.

திறந்தது. இந்த முறை ஒரு விளக்கும் ஓடவில்லை. சுவர் அசைவதற்கு முன்பே, ஒன்பது பேரும் அலறத் தொடங்கியிருந்தார்கள்.