படலைக்காரனுக்கு என்ன நடந்தது?

ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. வாசல் படலை மட்டும் ஒன்றுதான். வருகிற ஆள் எந்த வீட்டுக்குப் போவது? சொல்லுங்கள் பார்ப்போம்!

படலையில் ஒருவர் நின்று, "ஆரிட்டை வந்தனீங்கள்?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்படி ஒருவரைக் கஜந்தினி தன் அம்மாவின் லப்டொப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். அவருடைய உண்மையான பெயர் பூட் லோடர். கஜந்தினியும் அவளுடைய சிநேகிதி ஷரோனும் வைத்த பெயர் படலைக்காரன்.

கஜந்தினியின் வீடு அளவெட்டியில் இருக்கிறது. அவளுடைய அம்மா பாலர் பாடசாலை ஆசிரியை. அம்மாவின் லப்டொப் நல்ல பழசு. அதைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய், தேத்தண்ணி ஊற்றி, ஆறுதலாகக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்துக் கணினிக் கழகத்தில் லினக்ஸ் என்று ஒரு சிஸ்டத்தைப் பழக்கினார்கள். பழைய லப்டொப்பிலும் அது விறுவிறென்று ஓடும். முந்தநாள் ஷரோன் உடுவிலில் இருந்து சைக்கிளில் வந்தாள். இரண்டு பேருமாக அதைப் போட்டார்கள். அம்மாவின் பழைய சிஸ்டத்தை அழிக்கவில்லை. அது ஒரு வீடு, இது ஒரு வீடு. நடுவில் படலைக்காரன்.

அம்மா முழு நேரமும் பின்னால் நின்றார்.

"பிள்ளை, என்ரை படங்கள் போயிடாதே?"

"போகாது அம்மா. எல்லாத்தையும் முதலே பென்டிறைவிலை எடுத்து வைச்சிட்டன்."

"அந்தப் பென்டிறைவ் துலைஞ்சால்?"

"அன்ரி, உங்கடை கேள்வியளைப் பாத்தால் நாங்கள்தான் துலைஞ்சு போவம் போலை கிடக்கு. கொஞ்சம் இருங்கோ" என்றாள் ஷரோன்.

படலைக்காரனுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தபோது அவன் வெறும் பெட்டி பெட்டியாகக் காட்டினான். அதனால் ஆங்கில எழுத்திலேயே 'அம்மா வீடு' என்றும் 'கஜி வீடு' என்றும் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. அது லப்டொப்பின் மணிக்கூடு, திகதி எல்லாம் திருத்துகிற உள் அறை. அங்கே ஒருவருக்கும் வேலையில்லை. படலைக்காரன் நிற்கிற வரி மட்டும் திரையில் வெளிச்சமாகத் தெரியும்.

எல்லாம் நன்றாக நடந்தது. ஒரேயொரு குறைதான். லப்டொப்பைப் போட்டதும் படலைக்காரன் சும்மா ஐந்து எண்ணுகிற நேரம்தான் காத்திருப்பான். அதற்குள் சொல்லாவிட்டால் கஜி வீட்டைத் திறந்துவிடுவான். அம்மாவுக்கோ தன் கண்ணாடியைத் தேட வேண்டும். கண்ணாடி பெரும்பாலும் அவருடைய தலையில்தான் இருக்கும்.

"உவர் ஏன் இப்பிடி அந்தரப்படுறார்?" என்று அம்மா திரையைப் பார்த்துக் கேட்பார். "ஒரு மனிசி கண்ணாடி போடும்வரைக்கும் பொறுக்கேலாதே?"

நேற்று அம்மா அந்த லப்டொப்பில் ஒரு பெரிய வேலையை முடித்தார். நாளைக்கு விஜயதசமி. பாலர் பாடசாலையில் புதுப் பிள்ளைகளை முதல் எழுத்து எழுதவைத்து ஏடு தொடக்கும் நாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். அதில் புள்ளி புள்ளியாக ஒரு பெரிய 'அ'. பக்கத்தில் அந்தப் பிள்ளைக்குப் பிடித்த படம். ஒரு பிள்ளை ஆட்டுக்குட்டி கேட்டிருந்தது. ஒன்று அப்பாவின் மோட்டார்சைக்கிளைக் கேட்டிருந்தது. நிவேதனா என்ற குட்டி ஐஸ்கிறீம் வான் கேட்டிருந்தாள். ஒருவன் மழை வேண்டும் என்றான். மழையைப் படமாக எப்படிக் கீறுவது என்று அம்மா ஒரு மணித்தியாலம் யோசித்தார்.

இன்று பின்னேரம் அந்தத் தாள்களை அச்செடுக்க வேண்டும். சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் றஞ்சித், "ரீச்சர், ஆறு மணிக்குப் பூட்டிப்போடுவன். எங்கடை வீட்டிலையும் பூசை" என்று சொல்லியிருந்தார்.

ஐந்து மணிக்கு அம்மா லப்டொப்பைத் திறந்தார். படலைக்காரன் வந்தான். வந்தவன் கஜி வீட்டில் நிற்கவில்லை, அம்மா வீட்டிலும் நிற்கவில்லை. சடசடவென்று கீழே சரிந்து, உள் அறை வாசலில் போய் இருந்துவிட்டான்.

அம்மா அம்புக்குறிப் பொத்தானை அமத்தி மேலே ஏற்றினார். அவன் கீழே விழுந்தான். திரும்பவும் ஏற்றினார். கொஞ்சம் நின்றான், பிறகு சறுக்கு மரம் ஏறியவன் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கினான்.

"கஜீ! இஞ்சை ஓடி வா! உன்ரை ஆளுக்குத் தலைச்சுத்துப் போலை!"

கஜந்தினி ஓடி வந்தாள். அவளுக்கும் அதேதான். ஏற்றினால் விழுந்தான். ஒருமுறை அவசரமாகத் தட்டிப் பார்த்தாள். உள் அறைதான் திறந்தது. அங்கே மணிக்கூடு சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் சரி.

அண்ணை சிவதர்ஷன் கதவில் சாய்ந்து நின்று சிரித்தான்.

"நான் அப்பவே சொன்னனான். வேலை செய்யிற சாமானை நோண்டாதை எண்டு. இப்ப பார், ரெண்டு வீடும் இல்லை. நடுறோட்டிலை நிக்கிறியள்."

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ அண்ணை!"

தோட்டத்தில் இருந்து வந்த அப்பா கால் கழுவிக்கொண்டே கேட்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு அந்தப் பிள்ளையளுக்கு அம்மா என்னத்தைக் குடுக்கிறது? வெறும் தாளையோ?" என்றார். "கஜந்தினி, இதுதான் கடைசி. உந்த லப்டொப்பை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டப்போறன். இனி நீ அதிலை கை வைக்கிறேல்லை."

வீட்டில் எல்லாரும் அவளைக் கஜி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா முழுப் பெயரையும் சொன்னால் விசயம் பெரிது.

பழைய படங்கள் பென்டிறைவில் இருந்தன. ஆனால் நேற்றுக் கீறிய மழையும் ஆட்டுக்குட்டியும் ஐஸ்கிறீம் வானும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன.

"அப்பா, ஆறு மணி மட்டும் தாங்கோ. பேந்து பூட்டுங்கோ."

அப்பா காலைத் துடைத்தார். அலுமாரியைப் பூட்டுகிற திறப்பைத் தேடிப் போகவில்லை.

கஜந்தினி அம்மாவின் போனில் ஷரோனைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அவன் ஏன் விழுறான்? நாங்கள் அவனை வடிவாத்தானே வைச்சனாங்கள்" என்றாள் ஷரோன். "சரி, திருப்பிப் போடுவம். அந்தப் பென்டிறைவ் இருக்குத்தானே?"

இருந்தது. அம்மாவின் படங்கள் இருந்தது வேறு, இது லினக்ஸ் போட்ட பென்டிறைவ். அது கஜந்தினியின் பென்சில் பெட்டிக்குள், அழிறப்பருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்குள்ளும் ஒரு படலைக்காரன் இருக்கிறான். பென்டிறைவைச் செருகினால் முதலில் அவனைத்தான் பார்க்க வேண்டும் என்று லப்டொப்புக்கு முந்தநாளே சொல்லி வைத்திருந்தார்கள்.

கஜந்தினி பென்டிறைவைச் செருகி, லப்டொப்பைப் போட்டாள். புதுப் படலைக்காரன் வந்தான். வேறு நிறம், வேறு வரிகள். கஜந்தினி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

அவனும் சடசடவென்று கீழே விழுந்தான்.

"ஐயோ! அவனுக்கும் தொத்திட்டுது!" என்று போனுக்குள் ஷரோன் கத்தினாள். "கஜி, நான் ஜெபம் பண்ணட்டே?"

கஜந்தினி குனிந்து பென்டிறைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, அழுறியே?"

"இல்லை. பொறு, யோசிக்கிறன்." கஜந்தினி பென்டிறைவைத் தொட்டுப் பார்த்தாள். "ஷரோன், இவன் முந்தநாள் தொடக்கம் என்ரை பென்சில் பெட்டிக்குள்ளை கிடந்தவன். லப்டொப்பின்ரை பக்கமே வரேல்லை. பிறகு எப்பிடி இவனுக்குத் தொத்தும்?"

ஷரோனும் யோசித்தாள். "அப்ப இவன் பிழையில்லை."

"இவன் பிழையில்லையெண்டால் மற்றவனும் பிழையில்லை. ரெண்டு பேரும் நல்ல ஆக்கள்தான். ஆரோ கீழை நிண்டு காலைப் பிடிச்சு இழுக்கினம்."

"ஆர்? பேயே?"

"உனக்கு விசர். கீழை இழுக்கிறது எது? கீழை பாத்த அம்புக்குறிதானே!"

கஜந்தினி லப்டொப்பை நிறுத்தினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாக விரலால் அமத்திப் பார்த்தாள். எல்லாம் 'டிக்' என்று போய், 'டிக்' என்று திரும்பி வந்தன. மூலையில் இருந்த கீழ் அம்புக்குறி மட்டும் போனது, வரவில்லை. சோம்பேறி மாதிரி அரைவாசியில் படுத்துக் கிடந்தது.

அவள் குனிந்து மணந்து பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "லப்டொப் கோயில் மாதிரி மணக்குது."

அம்மா தலையில் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பொத்தானின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

"சந்தனம்!" என்றார் அம்மா.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. இன்று காலையில் பாலர் பாடசாலையில் வாணி விழா. புத்தகங்களோடு அம்மா லப்டொப்பையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் திறந்து வைத்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை நிவேதனாவிடம் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொல்லியிருந்தார். நிவேதனா சொன்ன வேலையைத் தட்டாத பிள்ளை. புத்தகங்களுக்கு வைத்தாள். மணிக்கு வைத்தாள். கதிரைக் காலுக்கும் வைத்தாள். லப்டொப்பின் மூலையிலும் ஒரு பெரிய பொட்டு வைத்தாள்.

"ஆனால் நான் வடிவாத் துடைச்சனான்!" என்றார் அம்மா.

"நீங்கள் துடைக்கத் துடைக்க அது உள்ளுக்குப் போயிருக்கு அம்மா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

கஜந்தினி விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்கை முறித்தாள். நுனியில் பஞ்சைச் சுற்றினாள். பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பொத்தானின் நாலு பக்கமும் மெதுவாகத் துடைத்தாள். அழுக்குப் பஞ்சை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு சுற்றினாள். சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சிவதர்ஷன்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டு, போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு காயும்வரைக்கும் விசிறிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அம்மா கையாலும் விசிறினார்.

கடைசியில் கஜந்தினி பொத்தானை அமத்தினாள்.

டிக். டிக்.

லப்டொப்பைப் போட்டாள். படலைக்காரன் வந்தான். நேராக நின்றான். 'அம்மா வீடு' என்றதும் மரியாதையாகத் திறந்துவிட்டான். வட்டம் சுற்றியது. சுற்றியது. இன்னும் சுற்றியது. அந்த வட்டத்தைப் பார்த்து அந்த வீட்டில் யாருமே இதற்குமுன் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. ஒருவழியாக மழை வந்தது, ஆட்டுக்குட்டி வந்தது, ஐஸ்கிறீம் வானும் வந்தது.

"திறந்திட்டுதே?" என்று போனுக்குள் ஷரோன் கேட்டாள். அவளை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள்.

"திறந்திட்டுது!"

"அப்ப நான் ஜெபிச்சது வேலை செய்திருக்கு" என்றாள் ஷரோன்.

கஜந்தினி தாள்களைப் படங்கள் இருந்த பென்டிறைவில் ஏற்றினாள். சிவதர்ஷன் தலையைச் சொறிந்தான்.

"அந்த நிவேதனாக் குட்டியின்ரை தாயிட்டை நாளைக்குச் சொல்லவேணும். எவ்வளவு கரைச்சல் தந்திட்டாள்!"

"வேண்டாம் அண்ணை."

"ஏன்?"

"செய்யாததுக்கு ஏச்சு வாங்கிறது எப்பிடியிருக்கும் எண்டு எனக்கு இப்ப வடிவாத் தெரியும். அவ பாவம். கும்பிட்டுக்கொண்டுதானே வைச்சவ. எங்கை வைக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை."

அப்பா செருமினார். கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டார். மோட்டார்சைக்கிளை வெளியே உருட்டினார்.

"கஜி," என்றார். "ஏறு. றஞ்சித் பூட்டிப்போடுவான்."

அவர்கள் போனபோது றஞ்சித் கடைக்கதவை அரைவாசி இழுத்துவிட்டிருந்தார். அப்பா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் மழை அச்சடிக்க வேணும்" என்றார். றஞ்சித்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கதவை மேலே தள்ளினார்.

வீட்டுப் பூசை தொடங்குவதற்கு முன் கஜந்தினி இன்னொரு வேலையும் செய்தாள். படலைக்காரனின் எழுத்துகள் இருக்கிற இடத்தைத் திறந்து, இரண்டு மாற்றம் எழுதினாள். 'கஜி வீடு' இருந்த முதல் வரியில் இனி 'அம்மா வீடு'. காத்திருக்கும் நேரம் ஐந்து இல்லை, முப்பது.

அம்மா சோதித்துப் பார்த்தார். லப்டொப்பைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். மேசையில் தேடினார், யன்னலில் தேடினார், தலையில் கண்டுபிடித்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். படலைக்காரன் அப்படியே காத்துக்கொண்டு நின்றான்.

"இப்பத்தான் இவருக்கு மனிசரை மதிக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார் அம்மா.

அலுமாரித் திறப்பைப் பற்றி அப்பா பிறகு ஒன்றுமே கதைக்கவில்லை.

மறுநாள் காலை கஜந்தினியும் அம்மாவோடு பாலர் பாடசாலைக்குப் போனாள். லப்டொப்பை மூடி, நிவேதனாவுக்கு முன்னால் வைத்தாள். நிவேதனா மூடியின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். பிறகு ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் 'அ' எழுதினாள்.