நான் சொல்ற வரைக்கும்

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் மூத்தவள் அதைக் கவனித்தாள். ஆக்சிலேட்டர் பெடல் மேலே எழவில்லை. தரையோடு படிந்து கிடந்தது.

காலையில்தான் புதுக் கேபிள் மாட்டியிருந்தாள். ஸ்பிரிங்கும் புதிது. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் வாயில் திறந்து மூடும் தகட்டில் அப்பியிருந்த கரியைக்கூடத் துணியால் துடைத்துத் துடைத்து வெள்ளி போலாக்கி வைத்திருந்தாள். இனி ஒட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. மூன்று மணிக்கே ஷெட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்துக்கு அடியில், அணைத்த இன்ஜின் ஆறும் 'டிக் டிக்' ஓசையும், பெட்ரோலும் ஈர ரப்பரும் கலந்த நெடியும், அந்த நெடிக்கு நடுவே இங்கே இருக்கவே கூடாத ஒரு சோப்பு வாசனையும் இருந்தன.

இளையவள் போடும் சோப்பு.

தங்கை போய் மூன்று மாதமாகிறது. இந்த வண்டியில்தான் போனாள். சரிவு முடிகிற இடத்தில் இருந்த மதிலில் நேராக மோதினாள். பிரேக் போட்ட தடம் சாலையில் இருந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. அதற்கு முந்தின நாள் இங்கே வந்து, "ஆக்சிலேட்டர் லேசா ஒட்டுதுக்கா" என்றாள். எப்போதும் போலவே பார்த்தார்கள். தங்கை உள்ளே உட்கார்ந்து மிதிப்பாள், அக்கா பானட்டுக்குள் குனிந்து பார்ப்பாள். "மிதி. நான் சொல்ற வரைக்கும் விடாதே." "நீ சொல்லாம நான் எதைத்தான் விட்டிருக்கேன்?" கேபிளில் நான்கு கம்பி இழை பிரிந்திருந்தது. மாற்றக் கையிருப்பில் கேபிள் இல்லை. கிரீஸைத் தடவி, "இப்போதைக்கு ஓடும், போ" என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் தங்கையிடமிருந்து போன் மூன்று முறை அடித்தது. கையெல்லாம் கிரீஸ். கிரீஸ் கையோடு அவள் போனைத் தொடுவதில்லை, அது அவள் வழக்கம். எடுத்திருந்தால், 'நியூட்ரலுக்குத் தள்ளு' என்ற இரண்டே வார்த்தை போதும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டிங்கர் வேலைக்காரன் நசுங்கிய முகப்பை நிமிர்த்திக் கொடுத்துவிட்டான். தங்கையின் கணவன் மாலையில் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தான். நாளையிலிருந்து குழந்தை இதில்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

அவள் கேபிளின் முனையைத் தகட்டிலிருந்து கழற்றினாள். இப்போது பெடலுக்கும் இன்ஜினுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சாவியைப் போட்டு இன்ஜினைக் கிளப்பிவிட்டு வந்து குனிந்தாள். வண்டி அமைதியாகத்தான் ஓடியது. பிறகு, யாரும் இழுக்காமலே, தகடு மெல்லத் திறந்தது.

இன்ஜின் அலறியது. விரலால் தகட்டைத் தள்ளி மூடப் பார்த்தாள். அது எதிர்த்தது. ஸ்பிரிங்கின் விறைப்பு அவளுக்குத் தெரியும். இது அப்படியில்லை. இதில் எடை இருந்தது. ஒரு காலின் எடை.

"விடு" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "விடும்மா. அக்கா சொல்றேன்ல."

தகடு மூடிக்கொண்டது.

அவள் சாவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து பானட்டுக்குள் இருந்த பேட்டரியின் வயரையும் கழற்றினாள். இந்த வண்டி இனி எங்கும் போகாது. உடைத்து இரும்புக்குப் போட்டுவிடலாம்.

வாசலில் குடை மடங்கும் சத்தம்.

"ஆயிடுச்சாக்கா?" தங்கையின் கணவன். ஷேவ் செய்யாத முகம். அவன் கையை விட்டுக் குழந்தை உள்ளே ஓடியது.

"இது வேண்டாம் தம்பி. விட்டுடுங்க."

"அவ ஓட்டின வண்டி. இதையும் விட்டுட்டா எங்கிட்ட என்னக்கா இருக்கு?" அவன் சிரிக்க முயன்றான். "நீங்க அன்னிக்கே நல்லாத்தானே பார்த்து அனுப்பினீங்க. விதி. நீங்க என்ன பண்ணுவீங்க."

இப்போது சொல்லிவிடலாம். நான்கு இழை. மூன்று அழைப்பு. வாயைத் திறந்தாள்.

"ஒரு கேபிள் மட்டும் சரியா வரல" என்றாள்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டிக் கதவு.

"பாப்பா எங்கே?" என்றாள்.

இன்ஜின் கிளம்பியது.

அவள் கை தானாகப் பைக்குப் போனது. சாவி இருந்தது. பேட்டரி வயர் தரையில் கிடந்தது. கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அலறல் ஏறியது. கூரை அதிர்ந்தது. அவன் கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. கண்ணாடியில் குத்தினான்.

"விடு!" அவள் கத்தினாள். "நான் சொல்றேன், விடு!"

உள்ளிருந்து குழந்தை திரும்பிப் பார்த்தது. சிரித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதன் உதடு அசைந்தது தெரிந்தது.

"நான் மிதிக்கல பெரியம்மா."

அவள் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக் கீழே பார்த்தாள்.

குழந்தையின் செருப்புகள் இரண்டும் பெடலுக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தன. பெடல் தரையோடு கிடந்தது. ஷெட்டின் வாசல் திறந்திருந்தது. அதற்கு அப்பால் சரிவு. கியர் தடி, தெரிந்த கை ஒன்று பிடித்தது போல், பதறாமல் நியூட்ரலிலிருந்து முதல் கியருக்கு நகர்ந்தது.