தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது சதுர அடி

வியாழக்கிழமை, காலை 8:10.

ஓர்வில் ஸ்டென்பெர்க் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில், படிக்கட்டு முடிகிற இடத்தில் மல்லாக்கக் கிடந்தார். எழுபத்து நாலு வயசு. பின்மண்டைக்கு அடியில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. கடைசிப் படியின் விளிம்பிலும் அதே கறுப்பு.

முதலில் பார்த்தது லெம்பி. அறுபத்து மூன்று வயசு. ஜிப்சம் போர்டு மூட்டுகளுக்கு டேப் ஒட்டி, மூன்று கை பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது அவள் தொழில். புருஷன் இருந்தவரை அவனோடு செய்தாள். மார்ச்சில் அவன் செத்த பிறகு தம்பி ரெய்னோவோடு செய்கிறாள். அன்றைக்கு அவள் வந்தது எஸ்டிமேட் போட. ரெய்னோதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு ஒன்பது மணிக்குப் பரோல் ஆபீசில் கையெழுத்து. நீ போய் அளந்துட்டு வாக்கா என்று முந்தின சாயங்காலம் போனில் சொல்லியிருந்தான்.

கதவைத் திறந்துவிட்டது ஓர்விலின் அண்ணன் மகன் டுவெய்ன். இருபத்திரண்டு வருஷமாகக் கார்பெட் போடுகிறவன். பெரியவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு நொடி முழித்தான். பிறகு, சித்தப்பா கீழேதான் இருப்பார், போங்க என்றான்.

பிணத்தைப் பார்த்து லெம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்ச்சுக்குப் பிறகு அவளுக்கு எதுவும் ஆவதில்லை. டுவெய்ன் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்த வேலையைப் பார்த்தாள். நாலு சுவரிலும் போர்டு. தலைக்கு மேலேயும் போர்டு. திருகாணித் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. பட்டி இன்னும் படவில்லை. ஒரு கதவு, இரண்டு சின்ன ஜன்னல். முப்பத்திரண்டுக்கு இருபத்து நாலு, உயரம் எட்டு அடி. மனசில் குறித்துக்கொண்டாள். செத்தவன் பக்கத்தில் நின்று அளவெடுக்கிறோமே என்று வெட்கம்கூட வரவில்லை.

காலை 8:45. துணை ஷெரிஃப் நார்குவிஸ்ட் வந்தார். ஓரத்து மேஜை மேல் ஒரு தாள் கிடந்தது. மேலே ரெய்னோவின் பெயரும் போன் நம்பரும் அச்சு. கீழே பெரிய எழுத்தில் புதன்கிழமைத் தேதி. எஸ்டிமேட். நார்குவிஸ்ட் அதை உறைக்குள் போட்டார். அப்புறம் டுவெய்னைக் கேட்டார்.

புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு ரெய்னோ வந்தானாம். விலையைக் கேட்டுச் சித்தப்பா கத்தினாராம். இவன் மாடியில் டீவி பார்த்துக்கொண்டிருந்தானாம். கதவு அறைந்த சத்தம் கேட்டதாம், அத்தோடு தூங்கிவிட்டானாம். போர்டு அடித்ததிலிருந்து கீழ்த்தளத்தில் கால் வைக்கவே இல்லையாம்.

காலை 9:20. பரோல் ஆபீஸ் வாசலிலேயே ரெய்னோவைப் பிடித்தார்கள். காலையில் அக்காவை அளக்க அனுப்பியதே, தான் வராதது மாதிரி காட்டத்தான் என்று நார்குவிஸ்ட் நினைத்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குடிக்கடையில் ஒருத்தன் தாடையை உடைத்துவிட்டு நாலு வருஷம் உள்ளே இருந்தவன் அவன். பரோல் முடிய இன்னும் எட்டு மாசம். இது ஒட்டிக்கொண்டால் வெளியே வரவே மாட்டான். அந்த ஊரில் சைக்கிள் காணாமல் போனாலும் முதலில் இவன் வீட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

பகல் 11:40. ஷெரிஃப் ஆபீசில் லெம்பிக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை என்றான் ரெய்னோ. பெரியவர் போனில் கூப்பிட்டார், வியாழன் காலை வருகிறோம் என்று சொன்னதோடு சரி. புதன் சாயங்காலம் வீட்டில் தனியாக இருந்தான். யார் சாட்சி? யாருமில்லை. அந்தத் தாள்? மரக்கடைக் கவுண்டரில் அவன் கட்டு கட்டாக வைத்திருக்கிற தாள்தான். வருகிறவன் போகிறவன் எல்லாம் கிழித்துக்கொண்டு போவான்.

"நான் இல்லக்கா," என்றான்.

லெம்பி எழுந்து வந்தாள்.

நார்குவிஸ்ட் மேஜையில் தாள் இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டாள். உறையோடு பாருங்கள் என்றார். அதில் நாலே வரி. நீளம், அகலம், உயரம். கதவு ஜன்னலுக்குக் கழித்தது முப்பத்து மூன்று. மொத்தம் 949 சதுர அடி. அடிக்கு இரண்டு டாலர், ஆக 1898.

பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டாள். சுற்றளவு நூற்றுப் பன்னிரண்டு, எட்டால் பெருக்கினால் 896. முப்பத்து மூன்று போனால் 863. தாளில் 949. எண்பத்தாறு எங்கிருந்து வந்தது?

மறுபடி போட்டாள். அதேதான். எண்பத்தாறை அடிக்கோடிட்டாள். அப்புறம் பென்சிலை வைத்துவிட்டு, வாக்குமூலம் கொடுத்துவிட்டு டுவெய்ன் இன்னும் இங்கேதான் இருக்கிறானா என்று கேட்டாள். முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

பகல் 12:15.

"டுவெய்ன், ஒண்ணு கேக்கணும். என் வீட்டு ஹால் பதினஞ்சுக்குப் பன்னெண்டு. கார்பெட் போட்டா எத்தனை அடி வாங்கணும்?"

"இப்ப இதுவா கேப்பாங்க?"

"வேற எதுவும் கேக்கத் தோணல."

அவன் யோசிக்கவே இல்லை. "நூத்துத் தொண்ணூத்தெட்டு."

"பதினஞ்சு பன்னெண்டு நூத்தியெம்பதுதானே?"

"வெட்டுனா வீணாப் போகுமே, அதுக்குப் பத்துல ஒண்ணு சேக்கணும். எவனும் சும்மா நூத்தியெம்பது வாங்க மாட்டான்."

லெம்பி தாளை அவன் முன்னால் வைத்தாள்.

"எண்ணூத்தி அறுபத்து மூணோட பத்துல ஒண்ணு சேத்தா எவ்வளவு?"

தாளில் இருந்த அதே 949. அவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

நார்குவிஸ்டுக்கு இன்னும் பிடிபடவில்லை. லெம்பி அவர் பக்கம் திரும்பினாள். கூலிக்கு ஆள் கேட்டு வந்தவரிடம் பேசுகிற மாதிரியேதான் சொன்னாள்.

"சார், பட்டி பூசறவன் வீணுக்குன்னு அடி சேக்க மாட்டான். போர்டு ஏற்கெனவே சுவத்துல நிக்குது. இருக்கற அடிக்குத்தான் காசு. வெட்டறதுக்கு என்ன இருக்கு? பட்டி கொட்டிப் போகும், அது ஒரு வாளி. அதை அடியில ஏத்த மாட்டோம்."

"ஏதோ தப்பாக் கணக்குப் போட்டிருக்கலாம்ல?"

"அடுத்ததைக் கேளுங்க. கதவு ஜன்னலை நாங்க கழிக்கவே மாட்டோம். கழிச்சா நஷ்டம். அந்த ஓரத்துலதான் முனை உடையாம இருக்கத் தகடு அடிக்கணும், அங்கதான் பாதி நேரம் போகும். ரெய்னோவுக்குப் பத்தொம்பது வயசுல இந்த வேலை கத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர். அவன் மறந்தும் கழிக்க மாட்டான்."

டுவெய்ன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் இதுல கூரையே இல்ல," என்றாள். "முப்பத்திரண்டுக்கு இருபத்து நாலு. எழுநூத்தி அறுபத்தெட்டு அடி. முதுகு ஒடியற வேலை அதுதான். நாங்க முதல்ல நிமிந்து பாக்கறது அதைத்தான். சுவரும் கூரையும் சேத்து ஆயிரத்து அறுநூத்தி அறுபத்து நாலு அடி. ரெண்டு டாலர்னா மூவாயிரத்து முந்நூத்தி இருபத்தெட்டு. எந்தப் பட்டிக்காரனும் பாதிக் காசை விட்டுட்டு எஸ்டிமேட் எழுத மாட்டான். இருபத்திரண்டு வருஷமா முட்டி போட்டுத் தரையையே பாத்தவனுக்கு மட்டும்தான் கூரை தெரியாம போகும்."

நார்குவிஸ்ட் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"போர்டு அடிச்சப்புறம் நீ கீழ போகவே இல்லேன்னு சொன்னியே," என்றார் நார்குவிஸ்ட். "முப்பத்து மூணுன்னு கதவு ஜன்னல் அளவு எப்படித் தெரிஞ்சது?"

டுவெய்ன் பேச ஆரம்பித்தபோது குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கீழ்த்தளத்தை முடித்து வீட்டை விற்கப் போவதாகச் சித்தப்பா புதன்கிழமை சொன்னார். அரிசோனாவுக்குப் போகிறாராம், குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். உனக்கு நாற்பத்தாறு வயசாச்சு, வேற இடம் பாத்துக்கோ என்றார். படி உச்சியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தள்ள நினைக்கவில்லை. அவர் நெஞ்சில் கை வைத்தான். அடுத்த நொடி படி உச்சியில் அவர் இல்லை. காலையில் பட்டி எஸ்டிமேட் போட ரெய்னோ வருகிறான் என்று அவரே சொல்லியிருந்தார். அவன் பேரைச் சொன்னால் ஊர் நம்பும் என்று டுவெய்னுக்குத் தெரியும். மரக்கடையில் கிழித்த தாள் ஒன்று தன் வண்டியிலேயே கிடந்தது. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அளந்தான்.

"அவரைத் தாண்டித்தான் அளந்தியா?" என்று கேட்டார் நார்குவிஸ்ட்.

"ஆமா," என்றான்.

பிற்பகல் 3:30. ரெய்னோவை விட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெல்ட்டையும் பர்ஸையும் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

வண்டியில் லெம்பி சாவியைத் திருகினாள். ஹீட்டர் சூடாகிற வரை காத்திருந்தாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"நான்தான் செஞ்சேன்னு நெனச்சியாக்கா?"

அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.

"அந்தத் தாளைப் பாக்கற வரைக்கும் ஆமா."

ரெய்னோ தலையாட்டினான். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பைக்குள் கைவிட்டுப் பெல்ட்டை எடுத்து இடுப்பில் ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்துக்கொண்டான். முடித்ததும் கதவைத் திறந்து இறங்கினான்.

"நான் நடந்தே வரேன்," என்றான்.

வீடு நாலு மைல். அவள் கூப்பிடவில்லை. முதல் கியரில் போட்டு அவனுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள்.