மூன்றாவது பெட்டியில் இருந்த சாது

"போன மாரிக்கு வழுக்கியாறு ஒரு பின்னேரம் முழுக்கக் காணாமல் போனது, சேர். கரை முட்டப் போன வெள்ளம். 'ஆத்திலை தண்ணி இல்லை' எண்டு நான் பகிடிக்குச் சொன்னன். உள்ளை கிடக்கிற உந்தப் பல்லி 'ச்சு' எண்டது. அவ்வளவுதான். மீன் எல்லாம் தரையிலை துடிச்சுது. என்ரை கடையிலை நிக்கிற மீனிலை அரைவாசி அண்டைக்குப் பொறுக்கினதுதான்!"

கடை வாசலுக்கு வெளியே நின்று இதைச் சொன்ன, மானிப்பாயில் வர்ணமீன் விற்கும் கேதீஸ்வரன் அப்படிப்பட்ட மனிதர். தன்னுடைய தங்கமீன் தேவாரம் பாடும் என்பார். கேட்கப் போனால் இன்றைக்கு அதற்குத் தொண்டை கட்டிவிட்டது என்பார். பல்லி வாங்க வந்த ஜெயரூபன் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வாய்விட்டுச் சிரித்தான்.

"சிரியுங்கோ. ஒருநாளைக்கு 'ஓம் கேதீஸ் அண்ணை, நடந்தது' எண்டு உந்த வாயாலையே சொல்லுவியள்."

அவனுக்கு வேண்டியது கடிக்காத பல்லி ஒன்றுதான். இரண்டு வயது மகள் இயலினிக்கு உரோமம் உள்ள பிராணி பக்கத்தில் வந்தாலே முட்டு வந்து மூச்சு இழுக்கும். நாய், பூனை, முயல் எல்லாவற்றுக்கும் டொக்டர் தடை போட்டிருந்தார். கடைக்குள் போய், முதலாவது கண்ணாடிப் பெட்டிக்குள் விரலை நீட்டினான். உள்ளே இருந்தது கவ்வியது. இரண்டாவது பெட்டிக்காரன் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி ஒளித்தான். மூன்றாவது, மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி விழுந்த தடித்த வால்காரன், அவனுடைய உள்ளங்கையில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதைத் தாங்கோ. தீன் இருக்கா?"

"நாளைக்கு வரும்."

கடைக்குள் நின்று 'இல்லை' என்று சொல்ல எங்கள் கடைக்காரருக்கு வாய் வராது. அதில் புதினம் ஒன்றும் கிடையாது. ஆனால், "அக்கா எங்கை, கடைப்பக்கம் காணேல்லை?" என்று அவருடைய மனைவியைப் பற்றி ஜெயரூபன் கேட்டபோதும் அவர் அந்தப் பல்லியை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வருவா" என்றார். பிறகு பால் விடாத பிளேன்ரீ இரண்டு கோப்பை ஊற்றி, ஒன்றை வெறுங்கதிரைக்கு முன்னால் வைத்தார். அது அப்படியே ஆறியது.

"காசு வேண்டாம் சேர், கொண்டுபோங்கோ." இப்போது அவர் சிரிக்கவில்லை; மிச்சத்தைக் காதோடு காதாகச் சொன்னார். "உதுக்கு முன்னாலை 'இல்லை' எண்ட சொல்லை மட்டும் எடுக்காதேங்கோ."

கரவெட்டி வீட்டில் பல்லி பரம சாதுவாக இருந்தது. இயலினி வாலைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் கிடந்தது. ஒருநாள் காலை தேத்தண்ணி போட வந்த மனைவி கஜானி, போத்தலைத் தூக்கிப் பாராமலே, "என்னப்பா, சீனி இல்லைப்போலை" என்றாள்.

ச்சு.

பேச்சின் நடுவே பல்லி சொன்னால், சொன்னது மெய்யென்று விரலால் தட்டாமல் நம்மவர்களின் கை நிற்காது. கஜானி மேசையில் தட்டினாள். அவளைப் பார்த்து இயலினியும் சின்ன விரலால் தரையில் தட்டினாள். முதல்நாள் அவனே நிரப்பிய போத்தல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. வெறும் கண்ணாடியைச் சுற்றி எறும்புகள் மட்டும் அலைந்தன.

"எறும்பு தூக்கியிருக்கும்" என்றான் ஜெயரூபன்.

"ஓமோம், சாக்கோடை வந்து தூக்கினதாக்கும்!"

அடுத்த கிழமை, "பக்கத்து வளவிலை வீமன் இல்லைப்போலை, குரைக்கிற சத்தத்தைக் காணேல்லை" என்றாள்.

ச்சு.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். சங்கிலி கிடந்தது. அதன் நுனியில் கழுத்துப் பட்டி, பூட்டியது பூட்டியபடி, வட்டமாக மண்ணில் கிடந்தது. நாயைத்தான் காணவில்லை. ஆனால் மழையில் நனைந்த நாயின் மணம் வேலியோரம் கனமாக நின்றது. செவி கொடுத்தால் மிக மெல்லிய, பசித்த முனகல் ஒன்றும் பட்டிக்கு மேலே, வெறுங்காற்றில், விட்டுவிட்டுக் கேட்டது.

அவன் உடனே வீட்டுக்குள் ஓடினான். ஏனென்றால் இயலினிக்கு ஒரு விளையாட்டு இருந்தது. துவாயை ஒருவரின் தலையில் போட்டு 'இல்லை!' என்பாள், இழுத்தெடுத்து 'இந்தா!' என்பாள். அவன்தான் பழக்கியது. தன்னுடைய தலையிலும் போட்டுக்கொள்வாள்: 'பாப்பா இல்லை!' அன்றைக்கே துவாய்களை எல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். விடிந்ததும் பல்லியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், மாரி மழை இறங்கி றோட்டை மூடியது.

வெள்ளம் வடியக் காத்திருந்து, ஒரு பின்னேரம், கரண்டும் நின்றுபோய் வீடு சாம்பல் நிறத்தில் இருண்டு, ஓட்டில் விழும் மழையின் இரைச்சலும் ஈரச் சீமெந்தின் மணமும் அறை முழுக்கப் பரவியிருந்த வேளையில், அவன் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். பல்லி அவனைப் பார்த்தது. சாதுவாக.

பின்னால் காலடி. சின்னக் காலடி.

கொடியில் காயாத துவாயின் புளிச்ச மணம். அது ஒன்றைப் பூட்டி வைக்க மறந்துவிட்டான்.

தலையில் இருட்டு விழுந்தது.

"அப்பா இல்லை!"

ச்சு.

சின்ன விரல் தரையில் தட்டியது.

துவாய் விழுந்தது. தட்டையாக. அவன் நின்ற இடத்தில்.

கஜானி விளக்கோடு வந்தாள். வெளிச்சம் சுவரில் பட்டது. அவனுடைய நிழல் விழவில்லை. "பிள்ளை, அப்பா எங்கை?"

"இந்தா!" இயலினி துவாயைத் தூக்கினாள். "இந்தா அப்பா!"

பல்லி பேசவில்லை.

"இந்தா!"

பேசவில்லை. நாக்கை நீட்டிக் கண்ணை நக்கியது.

"கஜானி!" அவள் முகத்துக்கு நேரே கத்தினான். அவள் அவனுக்குள்ளால் நடந்து வாசலுக்குப் போனாள். "இஞ்சேருங்கோ! இந்த மழைக்குள்ளை எங்கை போயிட்டியள்?" குரல் படலை வரை போய் மழையில் கரைந்தது.

ஆறிப்போன அந்தப் பிளேன்ரீ நினைவுக்கு வந்தது. கதிரையில் யார் இருந்தது என்பதும்.

பெட்டிக்கு முன்னால் பிள்ளை தனியே. அலுத்துவிட்டது அவளுக்கு. துவாயைத் தன் தலையில் இழுத்துப் போட்டாள். பாய்ந்து பிடித்தான். பிடிபடவில்லை. மறுபடியும். கையில் ஒன்றும் படவில்லை.

துவாயின் விளிம்பால் ஒரு சின்ன விரல் வெளியே வந்து, தட்டுவதற்குத் தயாராய், தரைக்கு மேலே நின்றது.

"பாப்பா..."

பல்லி மெல்ல வாயைத் திறந்தது.

"ஓம் கேதீஸ் அண்ணை," ஜெயரூபன் கதறினான். "நடந்தது! நடந்தது!"