இல்லாத புருஷனுக்குப் பெயர் நாள்

“எழுந்திருங்க. அது என் புருஷனோட சீட்!”

சொல்லி முடித்த பிறகுதான் டைகாவுக்கு உறைத்தது. அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் கிடையாது.

உட்கார்ந்தவன் பதறி எழுந்தான். தலைமுடியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு மடக்குக் குடை.

“மன்னிச்சுக்கங்க. கடைசி வரிசையில என் தலைக்கு நேரா பஸ் ஒழுகுது... இங்க காலியா இருந்துச்சு...”

“காலி இல்ல. அவர் டாலின்ல ஏறிக்குவார்.”

“அப்ப டாலின் வரைக்குமாவது...?”

“கூடாது.”

கோபப்படுவான் என்று நினைத்தாள். சிரித்தான். மழைக்கு முந்தின நிமிஷத்தில் பால்டிக் கடல் இருக்குமே, அந்த நிறத்தில் கண்கள்... ச்சே! கண்களைப் பற்றி யோசிக்கிற நேரமா இது?

“புருஷன்னா இப்படி இருக்கணும்ங்க. வராமலே இடம் பிடிக்கிறார்!” என்றபடி அவன் பின்னால் போய், குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்தான். பஸ் முழுக்கச் சிரித்தது.

டைகா ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். காது மடல்கள் சுட்டன.

எல்லாம் பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ரீகாவை விட்டுக் கிளம்பியதும் டூர் வழிகாட்டி ஸ்கைட்ரீதே மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு, “டாலின், ஹெல்சிங்கி, துர்க்கு, ஸ்டாக்ஹோம்! நம்ம கூட ஒரு தேனிலவு ஜோடியும் வருது. டைகா - உல்டிஸ்! எங்கப்பா, எழுந்து நில்லுங்க!” என்று முழங்கினாள். நாற்பது தலைகள் திரும்பின. “கசப்பு! கசப்பு!” என்று கத்தினார்கள். கல்யாண வீட்டில் அப்படிக் கத்தினால் மாப்பிள்ளை பெண்ணுக்கு முத்தம் கொடுத்துக் கசப்பைப் போக்க வேண்டும்.

டைகா மட்டும் தனியாக எழுந்து நின்றாள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது உல்டிஸ் கழன்றுகொண்டதை இந்த நாற்பது முகங்களுக்கு எதிரே எப்படிச் சொல்வது? வால்மியெராவில் அவள் வேலை பார்க்கும் பால் பரிசோதனைக் கூடத்தில் ஆளாளுக்கு “பாவம்” என்று தோளைத் தட்டித் தட்டி, அந்த இடத்தில் தோலே உரிந்துவிட்ட மாதிரி இருந்தது. யாருக்கும் தன்னைத் தெரியாத ஊர்களைத் தேடித்தான், ஜோடியாகப் பதிவு செய்திருந்த பயணத்துக்குத் தனியாக வந்திருந்தாள்.

“அவருக்கு... அவசர வேலை. டாலின்ல வந்து சேர்ந்துக்குவார்” என்றாள்.

ஒரு பொய். ஒரே ஒரு பொய்தானே...

டாலினில் மழை விட்டபாடில்லை. கல் பாவிய சந்துகளில் ஜோடி ஜோடியாகக் குடைகள் நகர்ந்தன. டைகா குடை கொண்டு வரவில்லை. அதை எடுத்து வைப்பது உல்டிஸின் பொறுப்பாக இருந்தது.

தலைக்கு மேல் மழை சட்டென்று நின்றது. நிமிர்ந்தாள். அதே மடக்குக் குடை.

“பயப்படாதீங்க, சீட் கேட்க வரல. என் பேர் சாண்டிஸ். லியபாயாவுல டிராம் ரிப்பேர் பார்க்கிறேன்.”

“தனியாவா வந்திருக்கீங்க?”

“டிப்போ யூனியன் குலுக்கல்ல விழுந்துச்சு, ரெண்டு பேருக்கான டிக்கெட். கூட வர ஆள் தேடினேன். சிக்கல. அந்தப் பக்கத்து சீட்டுல இந்தக் குடைதான் உட்கார்ந்து வருது.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! கூட வர ஆள் இல்லை என்று... சிரித்துக்கொண்டே! டைகாவுக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேல் நகரத்து மதில் ஏறி, சிவப்பு ஓட்டுக் கூரைகளையும் தேவாலயத்துக் கூர்ங்கோபுரங்களையும் பார்த்தார்கள். பையிலிருந்து கறுப்பு ரொட்டியை எடுத்து அவன் பாதி கொடுத்தான். நடுவில் சீஸ் தடியாக இருந்தது.

“இந்த சீஸ் எங்க கூடத்துக்கு வந்திருந்தா ஃபெயில் பண்ணியிருப்பேன்.”

“சாப்பிட்டுக்கிட்டே ஃபெயில் பண்றீங்களே, அநியாயம்!”

வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து எத்தனை நாள்... அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். குடைக்கு வெளியே அவன் ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது.

“உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றார்?”

சொல்லிவிடு டைகா. இப்போதே சொல்லிவிடு...

அவன் கண்களில் ‘பாவம்’ என்று வந்துவிட்டால்?

“ஹெல்சிங்கிக்கு வந்துடுவார்” என்றாள்.

ஹெல்சிங்கி துறைமுகச் சந்தையில் வெயில் அடித்தது. இருவரும் ஒரே மேஜையில் சால்மன் சூப் சாப்பிட்டார்கள். ஒரு கடல் காகம் பாய்ந்து வந்து சாண்டிஸின் ரொட்டியைக் கொத்திக்கொண்டு போனது.

“போகட்டும் விடுங்க. அதுக்கும் உங்க சீஸ் பிடிக்காது, திருப்பிக் கொடுத்துடும்” என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“எங்க?”

“வேற மேஜைக்கு.” அவன் முகம் சிவந்திருந்தது. “தப்பா நினைக்காதீங்க. அடுத்தவர் மனைவி சிரிக்கிறதை இவ்வளவு ஆசையா நான் பார்க்கக் கூடாது. எனக்கே அசிங்கமா இருக்கு.”

‘நான் யாருக்கும் மனைவி இல்ல’... நாலே வார்த்தைகள். வாயைத் திறந்தாள்.

“ஏம்மா டைகா! உல்டிஸ் வந்தாச்சா, இல்லையா?”

பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டில் வரும் வெல்டா. பின்னாலேயே மீன் தட்டுடன் அவள் புருஷன் ஆர்வீட்ஸ். டைகா திறந்த வாயிலிருந்து வேறொன்று விழுந்தது.

“வந்துட்டார். ரூம்ல படுத்திருக்கார். ஜுரம்.”

சாண்டிஸின் தோள்கள் மெல்ல இறங்கின. நான்கு மேஜை தள்ளிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

வெல்டா கைப்பையிலிருந்து குட்டிக் காலண்டரை எடுத்தாள். எதையோ பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள், ஜூலை நாலு. துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் பகல் நேரக் கப்பல். ஜோடிக்கு ஒரு கேபின் போட்டிருந்தார்கள். டைகா இரண்டு காபி வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி கேபினுக்கு எடுத்துப் போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, இரண்டையும் தானே குடித்தாள். இரண்டாவது ஆறிப்போயிருந்தது. இதைவிடக் கேவலமாக ஒருத்தி இருக்க முடியுமா?

அப்போது கதவுக்கு வெளியே பாட்டு கேட்டது. நாற்பது குரல்கள்!

டைகாவுக்கு அப்போதுதான் தேதி ஞாபகம் வந்தது.

லாத்வியாவில் பிறந்தநாளுக்கு அழைத்தால்தான் போவார்கள். பெயர் நாளுக்கு அழைப்பே கிடையாது. காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே பெயர்கள் அச்சாகியிருக்கும். அந்தப் பெயர்க்காரன் கதவை யாரும் தட்டலாம். ஜூலை நாலு, உல்டிஸின் நாள். நான்கு வருஷம் அந்தத் தேதிக்குத் தன் கையால் கேக் செய்தவள் டைகா. அவனை மறக்கிற முயற்சியில் தேதியையும் சேர்த்து மறந்திருந்தாள்.

கதவைத் திறந்தாள். வேறு வழியில்லை.

வெல்டா கையில் பியோனிப் பூங்கொத்து. ஆர்வீட்ஸ் கையில் முறுக்கு வடிவத்தில் ஒரு பெரிய இனிப்பு ரொட்டி. கடைசியில், வேண்டா வெறுப்பாக இழுத்துவரப்பட்டவன் போல சாண்டிஸ். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

“காலையில சந்தையில வாங்கினது. பதினொண்ணு, எண்ணித்தான் வாங்கினேன்” என்றாள் வெல்டா. “இரட்டைப்படை சாவு வீட்டுக்குத்தானே! எங்கம்மா மாப்பிள்ளை?”

“தூங்குறார்...”

“எழுப்பு! பெயர் நாள்ல என்ன தூக்கம்?”

“ஜுரம்...”

“ஜுரத்துக்கு ரொட்டி நல்லது. அவர் சாப்பிடலைன்னா நான் சாப்பிடுறேன்” என்றார் ஆர்வீட்ஸ்.

கூட்டம் நெருக்கியது. கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. சாண்டிஸ் எல்லோரையும் விட உயரம். அவன் பார்வை டைகாவின் தலைக்கு மேலே உள்ளே போனது. இரண்டாவது கட்டில். மடிப்புக் கலையாத போர்வை. மேஜையில் இரண்டு காலிக் காபிக் கோப்பைகள்.

அவன் கண்கள் அவள் முகத்துக்குத் திரும்பின. தெரிந்துவிட்டது! டைகா தலையைக் குனிந்துகொண்டாள். கப்பல் அப்படியே முழுகிவிட்டால் நல்லது.

“நல்லாயிருக்குய்யா உங்க நியாயம்!” சாண்டிஸின் குரல் உரக்கக் கேட்டது. “ஜூலை நாலுல உல்டிஸுக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு பாருங்க அக்கா!”

வெல்டா காலண்டரைப் புரட்டினாள். “அட... சாண்டிஸ்!”

“மூணு நாளா பஸ்ல குடை பிடிச்சுக்கிட்டு வர்றேன். என் பேர் யாருக்கும் ஞாபகம் இல்ல. நோயாளியைத் தூங்க விடுங்க. பூவை இங்க குடுங்க. வாங்க மேல போகலாம்!”

“ஐயோ, மன்னிச்சுக்கப்பா!” கூட்டம் கலகலவென்று அவனைத் தள்ளிக்கொண்டு மாடியேறியது. அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

நடைபாதை காலி. டைகா தப்பித்துவிட்டாள்.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்டாக்ஹோம் வரை இப்படியே இருக்கலாம். யாரும் இனித் தட்டமாட்டார்கள். ஆனால் நெஞ்சு அடங்கவில்லை. அவள் பொய் சொன்னாள். அவன் அவளுக்காக நாற்பது பேர் முன்னால் போய் நின்றான். யாருக்குமே ஞாபகம் இல்லாத தன் பெயர் நாளை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்...

எழுந்தாள். படியேறினாள்.

மேல்தளத்தில் காற்று. இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பாறைத் தீவுகள், சிவப்பு மர வீடுகள். வெல்டா ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம்...” என்றாள் டைகா. “உல்டிஸ் கேபின்ல இல்ல. எங்கயுமே இல்ல. கல்யாணத்துக்கு மூணு வாரம் முன்னாடி வேண்டாம்னு போயிட்டார். எனக்குக் கல்யாணமே ஆகல. சொல்ல வெட்கமா இருந்துச்சு... பொய் சொன்னேன். மன்னிச்சுக்கங்க.”

காற்று கொடியைப் படபடவென்று அடித்தது. டைகா அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். பாவம்...

ஆர்வீட்ஸ் தொண்டையைச் செருமினார். “அப்ப... உல்டிஸோட ரொட்டித் துண்டு?”

“உங்களுக்கே!” என்றாள் வெல்டா. “மூணு வாரம் முன்னாடி ஓடிப்போனவனுக்கா பதினொரு பூ வாங்கினேன்? நல்லவேளை, அவன் கைக்குப் போகல!”

சிரிப்பு வெடித்தது. டைகாவுக்கு அழுகை வந்தது. கம்பித் தடுப்போரம் போய் நின்றுகொண்டாள். பின்னாலேயே பூங்கொத்துடன் சாண்டிஸ்.

“கோபமா?” என்றாள், கடலைப் பார்த்தபடி.

“பின்ன? அடுத்தவன் பொண்டாட்டியைப் பார்த்துட்டோமேன்னு ரெண்டு நாளா கண்ணாடியில என் மூஞ்சியையே பார்க்கல. அதான் இந்தத் தாடி. அத்தனை வெட்கமும் வீண்!”

“எனக்கு நீங்க பரிதாபப்படுவீங்களோன்னு பயம்...”

“பட்டேன். அந்த ரெண்டாவது காபிக்காக. ஆறிப்போயிருக்குமே!”

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். மெதுவாக நிமிர்ந்தாள். மழைக்கடல் கண்களில் இப்போது வெயில்.

“டாலின்லயே உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும்னு நினைச்சேன். அந்தக் குடைக்கு அடியில... எனக்கு இன்னொருத்தர் ஞாபகமே வரல. அதைச் சொல்லத்தான் எல்லாத்தையும் விட வெட்கம்.”

சாண்டிஸ் பூங்கொத்தை நீட்டினான்.

“பாதி எடுத்துக்க டைகா.”

“பதினொண்ணுல பாதியா?”

“சரி, அஞ்சு எடுத்துக்க.”

“உங்க கையில ஆறு நிக்கும். இரட்டைப்படை!”

“நாலு?”

“அது எனக்கு இரட்டைப்படை.”

“எப்படிப் பிரிச்சாலும் யாரோ ஒருத்தர் கையில சாவுப் பூ நிக்குதே...” அவன் பூக்களைப் பார்த்து யோசிப்பது போல் நடித்தான். குரல் மட்டும் நடிக்கவில்லை, தழுதழுத்தது. “அப்ப என்னதான் செய்யறது?”

டைகா கையை நீட்டினாள். அவன் பிடித்திருந்த காம்புகளை, அவன் விரல்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“பிரிக்க வேண்டாம்” என்றாள்.

பின்னாலிருந்து, வாய் நிறைய ரொட்டியோடு, ஆர்வீட்ஸ் முதல் ஆளாகக் கத்தினார்.

“கசப்பு!”