கையிரவல்

செவ்வாய்க் கிரகத்தில் பொழுது விடிந்ததும் பூங்கோதையின் வலது கை தானாக எழுந்து பல் துலக்கும். பிரஷ் கிடையாது, பேஸ்ட் கிடையாது. வெறும் காற்றில் கை மேலும் கீழும் போய்வரும். பிறகு இல்லாத காப்பியை ஆற்றும், இல்லாத சட்டைக்குப் பொத்தான் போடும். அவள் நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பாள். பல் துலக்குவது அவள் அல்ல, அவள் கணவன் நெடுமாறன். அவன் இருந்ததோ வியாழனின் நிலவொன்றில், பனிச் சுரங்கத்தில்.

குடியிருப்பின் காற்றறைக் கதவு தோளில் மோதி, நரம்பு அடிபட்டு, அவள் கை துவண்டுபோயிருந்தது. அதற்கு அங்கே செய்யும் வைத்தியம் கையிரவல். மின்சாரம் கொடுத்துத் தசையை அசைக்கும் வித்தை பூமியிலேயே உண்டு. செவ்வாய்க்காரர்கள் அதோடு விடுவார்களா? நோயாளிக்கு நெருங்கியவர் கையில் ஓர் உறையை மாட்டிக்கொண்டு அன்றாட வேலைகளைச் செய்வார். அவருடைய தசைத் துடிப்புகள் பதிவாகி வந்து, நோயாளியின் கையில் ஒட்டிய பட்டைகள் வழியாக அதே அசைவுகளை எழுப்பும். பழகிய கை என்றால் தசை சீக்கிரம் தேறும் என்று சொன்னார்கள்.

தசை தேறியது, வாஸ்தவம். மனசு கெட்டுப்போனதே, அதற்கு யார் பொறுப்பு? கல்யாணமான கையோடு சுரங்கத்துக்குப் போனவன் அவன். பொத்தான் போடும்போது நடுவில் கை காதைச் சொறியும். "குளிச்சீங்களா இல்லையா?" என்று தன் கையையே கேட்டுச் சிரிப்பாள். எல்லா வேலையும் முடிந்தபின் விரல்கள் மெதுவாக மூடிக்கொள்ளும். அது அவளுக்காக அவன் பிடிக்கும் பிடி. அந்த நேரத்தில் அவனை நினைத்து அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வரும்.

"அக்கா, கை சரியாயிடுச்சு. பட்டையைக் கழட்டிடலாமா?" என்றாள் பிசியோ ஜெசிந்தா.

"எங்கம்மா சரியாச்சு? ஒரு டம்ளரைப் பிடிக்க முடியல. இதோ பாரு." பூங்கோதை டம்ளரை நழுவவிட்டாள்.

செவ்வாயில் டம்ளர் அவசரமில்லாமல்தான் விழும். அது தரையைத் தொடுமுன், பாத்திரம் தேய்த்துப் பழகிய அந்த வலது கையே பாய்ந்து பிடித்துவிட்டது. பாழாய்ப்போன பழக்கம்!

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "அண்ணன்தான் கப்பல் ஏறிட்டாருல்ல. இன்னும் எதுக்கு இது? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதையாயிடும்."

"அவர் வந்து சேர்ற வரைக்கும் இருக்கட்டும்மா. பழைய பதிவையாவது போட்டுக்கறேன். கும்பிட்டுக் கேக்கறேன்."

ஜெசிந்தா பட்டையைக் கழட்டாமல் விட்டுவிட்டாள்.

நெடுமாறன் வந்தான். இளைத்து, கறுத்து, வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பூங்கோதைக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் கை அவள் கையைப் பிடித்தது. நிஜக் கை அல்லவா, வியர்த்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் பாதியில் விட்டுவிட்டு எதையோ எடுக்கப் போனது. ராத்திரி பிடித்தபடியே தூங்கி, பாரமாகக் கனத்தது. அவளும் குறை சொல்லவில்லை. களைப்பு, பாவம், என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இரண்டு டம்ளரில் காப்பி கலந்து எடுத்துக்கொண்டு அவன் வந்தான். பட்டை ஒட்டிய கையோடு அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கூச்சத்தோடு கையை நீட்டினான்.

"கோதை, சுரங்கத்துல தினமும் இதைத்தான் நெனச்சுக்கிட்டிருப்பேன்."

"இப்ப வேணாங்க."

"ஏன், வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்." மூடத் தொடங்கியிருந்த தன் விரல்களிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க என் கையைப் பிடிக்கிற நேரம்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், நெடுமாறன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.