மாமரத்தடியில் வெள்ளைக் கார்

செவ்வாய்க்கிழமை காலை 6.20. அல்சூர் ஏரிக்கரைத் திருப்பத்தில், நடக்க வந்தவர்கள் வின்சென்ட்டின் உடலைப் பார்த்தார்கள். பக்கத்தில் நசுங்கிய பக்கெட். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து, அந்தப் பக்கத்துத் தெருக்களில் கார் கழுவிப் பிழைத்தவர். வயது அறுபத்தொன்று.

மோதியது வெள்ளைக் கார். நேரம் 5.48. கேமராவில் நம்பர் தெரியவில்லை. உடனே உயிர் போகவில்லை, இருபது நிமிடமாவது இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஹெலன் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

புதன்கிழமை கிருஷ்ணப்பாவைப் பிடித்து வந்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆள் ஏற்றும் கேப் டிரைவர். வெள்ளை வண்டி, முன்பக்கம் ஒடுங்கியிருந்தது. அது போன வாரம் டோல்கேட்டில் இடித்தது என்று கன்னடத்தில் அழுதார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை.

வின்சென்ட்டின் மனைவி லூர்துமேரி ஸ்டேஷனில் கிருஷ்ணப்பாவைப் பார்த்ததும் இல்லையென்று தலையை ஆட்டினார். "இந்த அண்ணன் இல்ல மேடம். இவரு வண்டியயும் எங்க வூட்டுக்காரருதான் கழுவுவாரு. இவரா இருந்தா வண்டிய நிறுத்தியிருப்பாரு."

"உங்க வீட்டுக்காரர் கழுவுற வண்டிங்கள்ல வேற வெள்ளைக் கார் இருக்கா?" என்று கேட்டார் ஹெலன்.

"ராஜலக்ஷ்மி அம்மா வூட்ல இருக்கு. அவங்க நல்லவங்க மேடம். சாவுக்கு மாலை அனுப்பிச்சாங்க."

வியாழன் காலை 9.10. ஹெலன் ராஜலக்ஷ்மியின் வீட்டுக்குப் போனார். உயர்ந்த மதில், மூடிய கேட். உள்ளே மாமரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. அடுகோடி கார் பட்டறையிலிருந்து வந்திருந்த ஆதிகேசவன் ஸ்டூலில் ஏறி, ஈரத்துணியைக் காரின் கூரைமேல் விரித்துக்கொண்டிருந்தார். கூரையில் பாதி பளபளத்தது. மீதிப் பாதியிலும் பின்பக்க டிக்கியிலும் மாம்பிசின் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து மஞ்சளாக இறுகியிருந்தது. முன்னால் பானெட் கண்ணாடி மாதிரி மின்னியது. எங்கும் ஒரு கீறல் இல்லை.

ராஜலக்ஷ்மியின் மகன் ஸ்ரீஹர்ஷா வெளியே வந்தான். ஐ.டி. வேலை.

"செவ்வாய்க்கிழமை காலையில வண்டிய எடுத்தீங்களா?"

"சனிக்கிழமையிலேருந்து ஸ்டார்ட்டே பண்ணல மேடம். எவ்ளோ பிசின் பாருங்க. ஓடுற வண்டியில இப்படிப் பிடிக்குமா?"

"இங்கேயேதான் நிக்கறது," என்றார் பின்னால் வந்த ராஜலக்ஷ்மி. "பாவம், வின்சென்ட் இருந்தா அவனே துடைச்சிருப்பான்."

ஹெலன் ஆதிகேசவனைப் பார்த்தார். "அழுத்தித் தேய்ச்சா சீக்கிரம் போகாதா?"

"கீறல் விழுந்துடும் மேடம். ஸ்பிரிட்ல நனைச்ச துணியப் போட்டு ஊற விடணும். மேலேருந்துதான் கீழ வரணும். இல்லன்னா கரையுறது சுத்தம் பண்ண இடத்துல வடியும்."

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"எட்டே முக்காலுக்கு."

ஹெலன் நன்றி சொல்லிவிட்டு நடந்தார். ஜீப்பின் கதவைத் திறந்தவர் ஏறவில்லை. திரும்பி உள்ளே வந்தார்.

"கூரையே இன்னும் முடியல. பானெட்டை எப்ப துடைச்சீங்க?"

"பானெட்டையா? அத நான் தொடவே இல்ல மேடம். வரும்போதே சுத்தமாத்தான் இருந்திச்சு."

ஸ்ரீஹர்ஷாவின் முகம் மாறியது.

"நான் வந்தப்போ அதை இவர்தான் துடைச்சார்னு நினைச்சேன்," என்றார் ஹெலன். "நீங்களும் அதைத்தானே எதிர்பார்த்தீங்க? சனிக்கிழமையிலேருந்து கூரையில சொட்டின மரம், டிக்கியில சொட்டின மரம், பானெட்ல மட்டும் எப்படிச் சொட்டாம இருக்கும்? மோதினதுல ஒடுங்கிப்போன பானெட்டையும் பம்பரையும் எங்கேயோ மாத்திட்டு நேத்து ராத்திரிதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க. பழைய பிசினுக்கு நடுவுல புதுசு மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கு. அதான் அவசரமா மீதியையும் துடைக்கச் சொன்னீங்க."

ஆதிகேசவன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். "போல்ட்டுல ஸ்பேனர் பட்டு பெயின்ட் உரிஞ்சிருக்கு மேடம். புதுசா மாட்டினதுதான்."

ஸ்ரீஹர்ஷா படியில் உட்கார்ந்துவிட்டான். ராஜலக்ஷ்மி குறுக்கே வந்தார்.

"வேணும்னு பண்ணலைம்மா. அபிஷேகத்துக்கு நாழியாயிடுத்து. அவன் எழுந்து போயிடுவான்னுதான் நினைச்சோம்."

"நினைச்சோமா?"

ராஜலக்ஷ்மி ஒரு அடி பின்வாங்கினார்.

"நீங்களும் வண்டியில இருந்திருக்கீங்க. இருபது நிமிஷம் அவருக்கு உயிர் இருந்துதும்மா. கோயிலேருந்து திரும்பறப்போ அதே வழியாவா வந்தீங்க?"

ராஜலக்ஷ்மி மகனைப் பார்த்தார். அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"இல்லை," என்றார். "வேற வழியா வந்தோம்."